விளக்கு வைத்ததும் தட்டும் சுவர்

புது வீட்டில் பால் பொங்கவில்லை. அதற்குக் காரணம் நான் அழுத்திய ஒரு பொத்தான்.

கேஸ் கடைக்காரர் விடிந்ததும் கொண்டுவருவதாகச் சொன்ன சிலிண்டர் வந்து சேரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியம்மா கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் எளிதில் பதற்றப்படுகிறவள் இல்லை. பெட்டியைப் பிரித்து இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்து வைத்தேன். மஞ்சள் கட்டிய எவர்சில்வர் பானையை அதன்மேல் ஏற்றினேன். பொத்தான்களில் பால் படம் போட்டிருந்ததைத் தேடி அழுத்தினேன். எங்கள் ஊர் குளுவாங்கிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த உறவினர்கள் அத்தனை பேரும் சமையலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கைகூப்பி நின்றார்கள். பால் ஓரத்தில் நுரைத்தது. விளிம்புவரை ஏறப் பார்த்தது. பிறகு ஏதோ யோசித்ததுபோல இறங்கிவிட்டது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது.

"என்னம்மா இது, பாலு வெக்கப்படுது?" என்றார் சித்தப்பா.

பெரியம்மா சிரிக்கவில்லை. "வீட்ல என்னமோ இருக்கு. அதான் பொங்க வுட மாட்டேங்குது."

பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பொத்தானின் வேலை என்று நான் விளக்கினேன். எங்கோ ஒரு தொழிற்சாலையில் என்னைப்போல ஒருத்தி அதற்காக மாதக்கணக்கில் உழைத்திருப்பாள். பால் வழிந்தால்தான் நல்லது என்று நம்புகிற மக்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். என் விளக்கத்தை முழுதாகக் கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். அவரும் கேட்டு முடித்துவிட்டு, "சரி, ஆனா பொங்கலதானே?" என்றார்.

பொங்கவில்லைதான்.

அந்த வீடு ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. வரிசை வீடுகள், இரண்டு மாடி, இரண்டு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீடுகள். அப்பா போன பிறகு நானும் அம்மாவும் தங்கையும் குளுவாங்கில் பெரியம்மா வீட்டின் பின்னறையில் இருந்தோம். பாசிர் கூடாங்கில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அழுத்தமானி, வெப்பமானி, வால்வு இவற்றையெல்லாம் சோதித்துப் பழுது பார்க்கும் பிரிவு. வேலை நிரந்தரமானதும் நான் செய்த முதல் காரியம் இந்த வீட்டை வாங்கியது. மூன்று பேருக்கான வீடு. தனியாக இருப்பதென்றால் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறையே எனக்குப் போதும்.

உறவினர்களின் வேன் கிளம்பிய பிறகு அம்மா தன் பையைப் பிரிக்கவில்லை.

"ஸ்கூல் லீவு முடியறவரைக்கும் பாக்கறேன்," என்றார். "ஒத்து வரலன்னா நானும் சின்னவளும் குளுவாங்குக்கே போறோம். நீ வேணும்னா வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போ."

"பால் பொங்காததுக்காகவா?"

"நான் ஒண்ணும் சொல்லல. வீடுதான் சொல்லுது."

இதில் மகிழ்ச்சியடைந்த ஒரே ஆள் என் தங்கை. அவள் இடைநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பாடப் புத்தகம் தவிர எல்லாவற்றையும் கைப்பேசியில் வாசிப்பாள், குறிப்பாகப் புது வீட்டுக்குக் குடிபோகும் பெண்களைப் பற்றிய திகில் கதைகளை. அவற்றின் விதிகளை எனக்கு ஒரு மதிய உணவுக்குள் சொல்லி முடித்தாள். வீடு மலிவாகக் கிடைக்க வேண்டும். நிலவறை இருக்க வேண்டும். பூட்டிய கதவு ஒன்று கட்டாயம். நாய் காரணமில்லாமல் குரைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் எதையோ மறைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் எதையும் நம்பாத அறிவுஜீவியாக இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கதை முடிவதற்குள் அவர் செத்துப்போவார்.

"அது நீதான்க்கா," என்றாள்.

எங்கள் வீட்டை அந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மலிவு இல்லை. நிலவறை தோண்டினால் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாய்தான் வரும். பூட்டிய கதவு ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருந்தது உண்மை. ஏஜெண்டிடமிருந்து சாவி வாங்கித் திறந்தோம். பழைய மின்விசிறி இறக்கைகளும் தேர்தல் சமயத்துக் கொடி ஒன்றும் இருந்தன. தங்கை கொடியை மட்டும் சந்தேகத்தோடு வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தெருவில் நாய்கள் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரைக்கும். அக்கம்பக்கத்தாரைப் பற்றி அப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. கார் வரும், கேட் தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கேட் தானாக மூடும். மனிதர்கள் காருக்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்று நினைக்கும்படி இருந்தது.

குளுவாங்கில் அம்மா பாசாரில் தேங்காய் துருவும் கடையில் பெரியம்மாவோடு நின்றவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கையால்தான் தேங்காய்ப்பால். யார் வீட்டில் எத்தனை பேருக்குச் சமையல் என்பதை வாங்கும் தேங்காயை வைத்தே சொல்லிவிடுவார். அவரை நான் ஸ்கூடாய்க்கு அழைத்து வந்து, "இனிமே ஓய்வெடுங்கம்மா," என்றேன். அவர் கூட்டிய தரையைத் திரும்பக் கூட்டினார். கேட் கம்பிக்குப் பின்னால் நின்று கார்களைப் பார்த்தார். மாலையில் தலைக்குக் குளித்து, புடவை மாற்றி, சாமிக்குப் பூ வைத்து, விளக்கேற்றினார். வேறு வேலை எதுவும் இல்லை.

வந்த வாரத்திலேயே ஒரு மாலை, விளக்கு எரியத் தொடங்கியதும் சாமி மேடைக்குப் பின்னாலிருந்த சுவர் தட்டியது.

டக். டக். கொஞ்சம் இடைவெளி. டக் டக் டக்.

தங்கை சந்தோஷத்தில் கத்தினாள். அம்மா தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "வெளக்கு வச்சா பதில் சொல்லுது," என்றார், மிகவும் தணிந்த குரலில்.

மறுநாளும் தட்டியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. விளக்கு வைக்காத நேரத்தில் சத்தமே இல்லை. நான் வழக்கம்போலச் சாத்தியங்களை அடுக்கினேன். பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள்: எந்த வீட்டிலும் தினமும் ஒரே வேளையில் ஆணி அடிப்பதில்லை. கூரையில் முசாங் என்கிற மரநாய்: அது சாம்பிராணி வாசனைக்குக் காத்திருந்து வருமென்று தோன்றவில்லை. மரச்சட்டம் வெயிலில் விரிந்து மாலையில் சுருங்குகிறது: மழை பெய்த நாளிலும் தட்டியது. என் ஷிப்டு மாறி மாறி வந்ததால் முறையாக ஆராய முடியவில்லை. நான் வேலையில் இருக்கும்போதெல்லாம் ஆராய்ச்சியை அம்மா எடுத்து நடத்தினார்.

அவர் முறை எளிமையானது. கேட்டுக்குப் போய், அடுத்து வந்த காரை நிறுத்தி, "இந்த வீட்ல முன்ன யாரு இருந்தா?" என்று கேட்டார்.

தங்கையின் கதைகளில் அக்கம்பக்கத்தார் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் திறந்த வாயை மூட வைக்க முடியவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அன்றைக்கே ஒரு தட்டுப் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்க்கா. நீங்களா கேட்டதால சொல்றேன். அவரு தூக்கு மாட்டிக்கிட்டாருன்னு பேச்சு."

"யாரு பாத்தது?"

"பாக்கல. ஒரு நாளு திடீர்னு லாரி வந்துச்சி, சாமான ஏத்துனாங்க, போயிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. உசுரோட இருக்கற மனுசன் அப்படிப் போவாரா?"

எதிர் வீட்டுச் சீன அம்மா வேறு மாதிரி சொன்னார்: அவர் ஒரு பெண்ணோடு பாத்தாம் தீவுக்கு ஓடிவிட்டார். மூலை வீட்டுக்காரர் இரண்டையும் மறுத்தார்: நாலு நம்பர் லாட்டரியில் அடித்தது, பங்கு கேட்பார்கள் என்று சொல்லாமல் போய்விட்டார். ஆக, ஒரே மனிதர் ஒரே ஆண்டில் தூக்கில் தொங்கி, கடல் தாண்டி ஓடிப்போய், முதல் பரிசும் வாங்கியிருந்தார்.

நான் ஏஜெண்டிடம் கேட்டு வீட்டை விற்றவருடைய எண்ணை வாங்கினேன். அவர் பத்து பஹாட் என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தார். அம்மா கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஐயா, உங்க ஸ்கூடாய் வீட்ட வாங்குனவங்க பேசறோம்."

"சொல்லும்மா. கூரை ஒழுகுதா?"

"இல்லீங்க. நீங்க... நல்லா இருக்கீங்கல்ல?"

"ஏன், என்னா சொல்றாங்க?"

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "தூக்கு மாட்டிக்கிட்டீங்கன்னு."

"பக்கத்து வீட்டுக்காரியா? அவ தட்டு ரெண்டு எங்க சாமானோட வந்திருச்சி. நான் உயிரோட இருக்கறப்பவே வந்து வாங்கிக்கச் சொல்லு."

சுவரில் சத்தம் வருமா என்று கேட்டேன். "எஞ்சம்சாரம் சொல்லிக்கிட்டேதான் இருப்பா. நான் காது மிஷின கழட்டி வச்சிட்டு டிவி பாப்பேன்," என்றார்.

நான் கைப்பேசியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"பேசுனது அவருதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

தங்கை எழுந்து நின்று கைதட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நம்பர் பிடிக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். இந்த நாட்டில் விபத்தான காரின் எண் தகடு, இறந்தவரின் வீட்டு எண், கனவில் வந்த பாம்பின் நீளம் என்று எதுவும் வீணாவதில்லை. எல்லாமே நாலு நம்பராகிவிடும். விளக்கு வைத்ததும் எண்ணி எண்ணித் தட்டுகிற சுவர் கிடைத்தால் விடுவார்களா? முதலில் எதிர் வீட்டு அம்மா வந்தார். "பெராப்பா கலி?" என்று மலாயில் கேட்டார், எத்தனை தடவை என்று. பிறகு மூலை வீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். பிறகு பின் தெரு. நான் பகல் ஷிப்டு முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் இறங்கி வரும்போது வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும். உள்ளே கோயில் மாதிரி அமைதி. எல்லாரும் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தட்டல் முடிந்ததும் ஒரே சச்சரவு.

"ரெண்டு, மூணு, அப்பறம் ஒண்ணு."

"மூணு இல்லலா, நாலு! கடைசி ஒண்ணு மெதுவா தட்டுச்சி, உங்க காதுல விழல."

"மெதுவா தட்டுனத கணக்குல சேக்கணுமா, அக்கா?"

எல்லாரும் அம்மாவைப் பார்ப்பார்கள். தீர்ப்பு அவருடையது. "அது இழுத்துத் தட்டுனா சேக்கலாம். தயங்கித் தட்டுனா சேக்காதீங்க," என்பார். இந்தச் சட்டத்தை அவர் எங்கே படித்தாரோ தெரியாது. மூலை வீட்டுக்காரருக்கு ஒரு முறை ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. அவர் ஒரு சீப்பு வாழைப்பழமும் மாலையும் கொண்டுவந்து சுவருக்குப் போட்டார். சுவரில் மாட்ட ஆணி இல்லாததால் என் அளவுமானிப் பெட்டியை நிறுத்தி அதன்மேல் சாத்தினார்கள்.

எனக்கு இதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை. ஏனென்றால் வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா கோப்பி கொடுத்துக்கொண்டே, "இந்த வீட்ல மனுசன் இருக்க முடியுமா சொல்லுங்க? லீவு முடிஞ்சதும் குளுவாங்குக்கே போயிடப் போறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பள்ளி விடுமுறை முடிய அதிக நாள் இல்லை. பை பிரிக்கப்படாமலே இருந்தது. சத்தத்தை நிறுத்தினால் அம்மா தங்கிவிடுவார் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அறிகுறி தெரிகிறது, காரணத்தைக் கண்டுபிடி, சரி செய், இயந்திரம் ஓடும். வேலையில் அப்படித்தான்.

என் ஓய்வு நாளில் அம்மாவும் தங்கையும் கோயிலுக்குப் போயிருந்தபோது, மாடிக் குளியலறைக்கு மேலிருந்த சதுரப் பலகையைத் தள்ளிக் கூரைக்குள் ஏறினேன். உள்ளே அடுப்புபோலச் சூடு. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்ததும் பேயைப் பார்த்துவிட்டேன். பித்தளையில், பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு கையளவு இருந்தது.

தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்துகிற வால்வு அது. மிதக்கும் பந்து மேலே வந்தால் மூட வேண்டும். உள்ளே வாஷர் தேய்ந்துபோனதால் மூடுவதா வேண்டாமா என்று துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துள்ளலும் குழாய் வழியே இறங்கி, குழாயைப் பிடித்திருந்த கொக்கி கழன்ற இடத்தில் சுவரை முட்டியது. அந்த இடம் சாமி மேடைக்கு நேர் பின்னால். அம்மா விளக்கு வைக்கும் முன் தலைக்குக் குளிக்கிறவர். அவர் ஊற்றிய தண்ணீருக்கு ஈடாகத் தொட்டி நிரம்பும். அவர் புடவை மாற்றி, பூ வைத்து, திரியைத் திரித்துப் பற்றவைக்கும் வேளையில் தொட்டி நிறையும். சுவர் பதில் சொல்லும். குளிக்காமல் விளக்கு வைக்கிற வீடாக இருந்திருந்தால் எங்களுக்குப் பேயே இருந்திருக்காது. தங்கை குளித்தாலும் தட்டியிருக்கும். ஆனால் அவள் குளித்து முடித்த கையோடு பாட்டைச் சத்தமாக வைப்பவள்.

இரும்புக் கடையில் புது வால்வு வாங்கி வந்து மாட்டினேன். பழையதை என் கருவிப் பைக்குள் போட்டு வைத்தேன். பழுதான பாகத்தை உடனே தூக்கி எறியக் கூடாது என்பது எங்கள் பிரிவில் பழக்கம்.

அன்று மாலை அம்மா குளித்தார். எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. சுவர் சுவராக இருந்தது.

நேரம் போனது. ஒருவர் இருமினார். எதிர் வீட்டு அம்மா, "இன்னைக்கு ச்சூத்தியா?" என்றார், சுவருக்கு விடுமுறை விட்டிருக்கிறார்களா என்பதுபோல. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போனார்கள். அவர்கள் போனதும் நான் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். தொட்டி, பந்து, வாஷர், கொக்கி. காகிதத்தில் படம்கூடப் போட்டேன்.

"அப்ப ஒண்ணுமே இல்லியா?" என்றார்.

"ஒண்ணுமே இல்லம்மா. வீடு சுத்தம்."

"சரி."

மறுநாள் மாலை இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும் கேட்டிலேயே நின்று, "ஏதும் உண்டா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கார், கேட், கார், கேட்.

ஷிப்டு முடிந்து வந்த ஒரு நாள் அம்மா பெரியம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "வேன்காரர்கிட்ட சொல்லி வையி. சாமான் ஒண்ணும் அதிகமில்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே, எதுக்கும்மா போறீங்க?" என்றேன்.

"அதான்டி. எல்லாம் சரியாதான இருக்கு. நான் இங்க இருந்து என்னா பண்ணப் போறேன்?" அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. தேங்காய் தீர்ந்துவிட்டது, கடையைச் சாத்துகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

தங்கை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "நல்லா இருந்த பேய நீதான்க்கா கொன்ன. கதையில யாருமே இப்படிப் பண்ண மாட்டாங்க," என்றாள்.

நான் மாடிக்குப் போய்ச் சன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். பார்க்க எதுவும் இல்லை. இந்தத் தெருவில் அம்மாவுக்குப் பேச்சுத் துணை தேடித் தருவதற்கு என்னிடமிருந்த வழிகளை ஒவ்வொன்றாக யோசித்தேன். முதியோர் மன்றம், கோயில் மகளிர் குழு, யோகா வகுப்பு. எதற்கும் அவர் போக மாட்டார். எல்லாவற்றையும் அடித்துவிட்ட பிறகு ஒன்றுதான் மிச்சமிருந்தது. என் தொழிலில் அதைச் செய்தால் வேலை போய்விடும்.

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். அம்மா மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் கூரைக்குள் ஏறினேன். பத்து நாள்கூட ஓடாத நல்ல வால்வைக் கழற்றி, நிச்சயமாகப் பழுதான வால்வை, நன்றாகத் தெரிந்தே, இறுக்கி மாட்டினேன். கழன்ற கொக்கியை அப்படியே விட்டேன். தண்ணீர் வழியாத அளவுக்குப் பந்தின் உயரத்தை மட்டும் சரி செய்தேன். ஒட்டடையோடு இறங்கும்போது தங்கை படிக்கட்டில் நின்றிருந்தாள். என் தலைமுடியில் இருந்த சிலந்தி வலையை மட்டும் எடுத்துவிட்டாள்.

மாலையில் அம்மா குளித்தார், பழக்கத்தால். விளக்கேற்றினார். கைகூப்பியபடி கண்ணை மூடியிருந்தார்.

டக். டக். டக் டக்.

கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். ஈரத் தலையோடு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு நடந்தார். அம்மா தெருவைக் கடந்து போனது அதுதான் முதல் தடவை. எதிர் வீட்டு அழைப்புமணியை அவர் விடாமல் அழுத்துவது எங்கள் கூடம்வரை கேட்டது. "வாங்க, வாங்க! வந்திருச்சி!" கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. கடைசித் தட்டல் இழுத்ததா தயங்கியதா என்று மறுபடியும் சண்டை தொடங்கியது.

பள்ளி திறந்த அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டே பேசினார்.

"வரும்போது பிளாஸ்டிக் நாற்காலி ஒரு அடுக்கு வாங்கிட்டு வா. எதிர் வீட்டம்மாவுக்கு முட்டி வலி, தரையில உக்கார முடியல."

"வேன் எப்ப வருது?"

"வேணாம்னுட்டேன். இத விட்டுட்டு எப்படிப் போறது? வர்றவங்களுக்கு யாரு சொல்றது?" டப்பாவை என் கையில் கொடுத்தார். "அப்பறம், மேல ஏறி கைய வைக்கறதெல்லாம் உன் ஃபேக்டரியோட நிறுத்திக்க."

"சரிம்மா," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "செவப்பு கலருல வாங்கு, அழுக்குத் தெரியாது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. தொழிற்சாலை பஸ் தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.